முன்னால் 12.6 காட்டுது, பின்னால் பிரிட்ஜ் நிக்குது: எந்த மீற்றர் வாங்குவது?

கேள்வி: உப்புவெளியில் இருந்து டீசல் ஹையேஸ் வானில் சுற்றுலா ஓட்டம் ஓடுகிறேன். சிகிரியா, அநுராதபுரம், மட்டக்களப்பு என்று இரண்டு மூன்று நாள் பயணங்கள்தான் கூட. பின் சீற்றுக்குக் கீழே என்-100 பற்றரி ஒன்றை இரண்டாவதாகப் பூட்டியிருக்கிறேன். 40 லீற்றர் கம்பிரசர் பிரிட்ஜ், இரண்டு சின்ன ஃபான், எல்.ஈ.டி லைட், பயணிகளின் போன் சார்ஜ் எல்லாம் அதில்தான். என்ஜின் ஓடும்போது ஒரு ரிலே இரண்டு பற்றரியையும் சேர்த்துவிடும். டாஷ்போட்டில் உள்ள லைட்டர் சொக்கெட்டில் செருகும் சின்ன வோல்ட் மீற்றர் வைத்திருக்கிறேன். இரவு படுக்கும்போது 12.6 காட்டும். விடியும்போது பிரிட்ஜ் நின்று, உள்ளே வைத்த மீனெல்லாம் தண்ணீர் விட்டுக் கிடக்கும். அப்போதும் மீற்றர் 12.5 என்கிறது. கடைக்காரர் ஷண்ட் (பற்றரிக்குள் போய் வரும் மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு தடை) வைத்த பற்றரி மொனிற்றர் பூட்டச் சொல்கிறார். விலை பல மடங்கு. கூட்டாளி ஒருவர், நல்ல வோல்ட் மீற்றர் ஒன்றே போதும் என்கிறார். லித்தியம் பற்றரிக்கு மாறும் எண்ணமும் இருக்கிறது. எதை வாங்க?

பதில்:

உங்கள் மீற்றர் பொய் சொல்லவில்லை. அது வேறு பற்றரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

டாஷ்போட் லைட்டர் சொக்கெட் என்ஜின் பற்றரியோடு கட்டிய வயர். என்ஜினை நிறுத்தியதும் ரிலே திறந்துவிடும். அதோடு இரண்டு பற்றரியும் வேறு வேறு. இரவு முழுக்க பிரிட்ஜ் உறிஞ்சுவது பின்னால் உள்ளதை. முன்னால் உள்ளதோ சும்மா கிடந்து 12.5, 12.6 என்று காட்டிக்கொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் இப்படிப் பாருங்கள்: என்ஜின் நின்றிருக்கும்போது, இரண்டாவது பற்றரியின் பிளஸ் முனைக்கு அருகில் உள்ள பியூஸைக் கழற்றுங்கள். மீற்றர் இன்னமும் எரிந்தால் அது முன் பற்றரியின் கணக்குத்தான்.

ஆகவே புதிதாக எதையும் வாங்கும் முன் ஒரு சாதாரண மல்ட்டிமீற்றரோடு ஒரு இரவு செலவழியுங்கள். கம்பிரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது பின் பற்றரியின் இரண்டு முனைகளிலும் நேரே மல்ட்டிமீற்றரின் ஊசிகளை வைத்து வோல்ட்டை எடுங்கள். உடனேயே பிரிட்ஜின் பிளக் செருகும் இடத்திலும் எடுங்கள். இரண்டுக்கும் இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வயரில் பிழை இருக்கிறது. அதை எந்த மொனிற்றராலும் சரிசெய்ய முடியாது.

இது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்கில் பாருங்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயருக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிஓம். பற்றரியிலிருந்து பிரிட்ஜ் சொக்கெட்டுக்கு வயர் 5 மீற்றர் சுற்றிப் போனால், போக வர 10 மீற்றர், 74 மில்லிஓம். கம்பிரசர் 5 அம்பியர் எடுத்தால் 0.37 வோல்ட் வழியிலேயே போய்விடும். லைட்டர் வகைச் சொக்கெட்டின் தளர்ந்த பிடி இன்னும் கொஞ்சத்தைத் தின்னும். பிரிட்ஜுக்குள் பற்றரியைக் காக்கும் ஒரு வெட்டு இருக்கிறது. வோல்ட் ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் அது கம்பிரசரை நிறுத்திவிடும். அந்த வெட்டு பார்ப்பது தன் பிளக்கில் வரும் வோல்ட்டை. பற்றரியில் 12.0 இருக்கும்போதே பிரிட்ஜ் 11.6 என்று கண்டு நின்றுவிடலாம். பெரும்பாலான பெட்டி பிரிட்ஜ்களில் இந்த வெட்டுக்கு உயர், நடு, தாழ் என்று மூன்று நிலை இருக்கும். உங்களுடையது உயர் நிலையில் இருந்தால், அது என்ஜின் பற்றரியில் ஓடும் வண்டிகளுக்கானது. தனிப் பற்றரிக்கு நடு நிலை சரி. தாழ் நிலைக்குப் போகவேண்டாம். ஈயப் பற்றரியை அது கொன்றுவிடும்.

அடுத்தது, எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கு. 40 லீற்றர் பிரிட்ஜின் கம்பிரசர் 45 வாட் என்று வைத்தால் 12 வோல்ட்டில் 3.75 அம்பியர். கச்சான் காற்று வீசும் மாதங்களில், அதுவும் பகல் முழுக்க வெயிலில் நிற்கும் வானுக்குள், அது பாதி நேரமாவது ஓடும். 3.75 அம்பியர் 12 மணி நேரம் என்றால் ஒரு நாளுக்கு 45 அம்பியர்-மணி. நிலாவெளிக் கரையில் புறாத்தீவுக்குப் போன ஆட்கள் திரும்பும்வரை கண்ணாடி மூடி நிறுத்தி வைத்தால், அந்தச் சில மணி நேரமும் கம்பிரசர் ஓயாது. இரண்டு ஃபான் சேர்ந்து 1 அம்பியர் என்று எட்டு மணி நேரம், 8. லைட்டும் போனும் சேர்த்து இன்னொரு 8. மொத்தம் 60 அம்பியர்-மணியைத் தாண்டும். என்-100 என்பது 100 அம்பியர்-மணி. ஆனால் ஈயப் பற்றரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே கையில் உள்ளது 50. அதுவும் புதிதாய், முழுதாய் சார்ஜ் ஏறியிருந்தால். உங்கள் வானில் அது முழுதாய் ஏறுவதேயில்லை என்பதுதான் என் ஊகம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று, சாதாரண என்-100 என்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கென்று செய்த பற்றரி. மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான அம்பியர் தரும். ஆனால் தினமும் ஆழமாக இறங்கி ஏறுவது அதற்கு ஒத்துவராது. அடுத்த முறை வாங்கும்போது டீப் சைக்கிள் வகை கேளுங்கள். தண்ணீர் ஊற்றும் பற்றரியைப் பயணிகள் இருக்கும் சீற்றுக்குக் கீழே வைப்பதும் எனக்குப் பிடிக்காத காரியம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவும் அமில ஆவியும் வரும். மூடிய பெட்டிக்குள் வைத்து, ஒரு குழாயை வண்டிக்கு வெளியே விடவேண்டும். இல்லாவிட்டால் ஏ.ஜி.எம் வகைக்கு (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத, மூடிய ஈயப் பற்றரி) மாறுங்கள்.

இனி உங்கள் கேள்வி. வோல்ட் மீற்றரா, ஷண்டா?

வோல்ட்டைப் பார்த்து ஈயப் பற்றரியின் இருப்பைச் சொல்ல முடியும். 12.7 என்றால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால், 11.8 என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த எண்கள் பற்றரி நாலைந்து மணி நேரம் எந்தச் சுமையும் சார்ஜும் இல்லாமல் ஓய்ந்து கிடந்தபின் எடுப்பவை. ஓட்டம் முடித்து நிறுத்தியதும் தகடுகளின் மேல்பரப்பில் மட்டும் நிற்கும் சார்ஜ் 12.9, 13.0 என்று காட்டும். உள்ளே பாதிதான் இருக்கும். கம்பிரசர் ஓடும்போது 0.1, 0.2 இறங்கிக் காட்டும். நின்றதும் மெல்ல ஏறும். பிரிட்ஜ் இருக்கும் வண்டியில் பற்றரி ஓய்வது எப்போது? பயணத்தில் ஒருபோதும் இல்லை.

இதன் மேல் மீற்றரின் பிழையையும் சேருங்கள். நிறைவுக்கும் காலிக்கும் இடையே உள்ள தூரம் மொத்தம் 0.9 வோல்ட்டு. சொக்கெட்டில் செருகும் மலிவு மீற்றர்கள் 0.1 முதல் 0.2 வரை தவறிக் காட்டுவது சாதாரணம். 0.1 தவறினாலே இருப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிழை. 0.2 என்றால் பாதியை முக்கால் என்று நம்பிவிடுவீர்கள். வோல்ட் மீற்றர்தான் வாங்குவதென்றால் இரண்டு தசமம் காட்டுவதை வாங்கி, பற்றரி முனையில் மல்ட்டிமீற்றரோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஒரு துண்டு ரேப்பில் எழுதி மீற்றரின் முகத்திலேயே ஒட்டிவிடுங்கள். மூன்று வயர் உள்ள பனல் மீற்றர் நல்லது: ஒரு வயர் மீற்றர் எரிய, ஒன்று அளக்க, ஒன்று மைனஸ். அளக்கும் வயரைத் தனியே பற்றரியின் பிளஸ் முனைக்கே, அங்கே 1 அம்பியர் பியூஸ் போட்டு இழுத்தால், வழியில் இறங்கும் வோல்ட் கணக்கில் சேராது.

இரண்டு மீற்றருக்கும் இடையில் ஒரு நடுவழி இருக்கிறது. பற்றரி மேலே ஒட்டி இரண்டு முனையிலும் பூட்டும் சின்ன புளூடூத் பெட்டி. வோல்ட்டை இரவு முழுக்கப் பதிந்து போனில் கோடாகக் காட்டும். பிரிட்ஜ் இல்லாத, லைட்டும் போன் சார்ஜும் மட்டும் உள்ள வான் என்றால் அதற்கு மேல் செலவழிக்கத் தேவையில்லை. உங்கள் கூட்டாளி சொல்வது அப்படிப்பட்ட வண்டிக்குச் சரி.

உங்களுக்குச் சரிவராது. தினம் 60 அம்பியர்-மணி எடுத்து, வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் போடும் பற்றரிக்கு வரவு செலவு எழுதத்தான் வேண்டும். ஷண்ட் செய்வது அதைத்தான். அது ஒரு திட்டமான, மிகச் சிறிய தடை. 500 அம்பியர், 50 மில்லிவோல்ட் என்று எழுதியிருந்தால் அதன் தடை 0.1 மில்லிஓம், 1 அம்பியர் ஓடும்போது அதன் இரு பக்கமும் 0.1 மில்லிவோல்ட் வரும். அந்தச் சின்ன வோல்ட்டை அளந்து, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று ஒவ்வொரு கணமும் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும்.

கடையில் மூன்று வகை காட்டுவார்கள். வயரைச் சுற்றிப் போடும் வளையம் ஒன்று. ஹோல் சென்சர் என்பார்கள். பூட்டுவது மிகச் சுலபம், எதையும் வெட்டவேண்டாம். ஆனால் சூட்டோடு அதன் பூச்சியம் நகரும். 0.1 அம்பியர் நகர்ந்தால் ஒரு நாளில் 2.4 அம்பியர்-மணி பொய்க்கணக்கு. பத்து நாளில் 24. வெயிலில் நிற்கும் வானுக்கு அதை வாங்கவேண்டாம். அடுத்தது 100 அல்லது 350 அம்பியர் ஷண்டும் வர்ணத் திரையும் சேர்ந்து வரும் மலிவு வகை. கணக்கு மோசமில்லை; ஆனால் திரை எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், உப்புக் காற்றில் அதன் சின்ன இணைப்புகள் பச்சை பூக்கும். வாங்கினால் திரையை அணைக்க வழியுள்ளதாக வாங்குங்கள். ஒரு மீற்றர் 20 மில்லிஅம்பியர் குடித்தாலும் மாதத்தில் 14 அம்பியர்-மணி போய்விடும். மூன்றாவது, கடைக்காரர் சொல்லும் விலை கூடிய வகை. விக்ட்ரோன் நிறுவனத்தின் ஸ்மார்ட்ஷண்ட், பி.எம்.வி-712 இரண்டும் இதில் சேரும். அளக்கும் வேலை இரண்டுக்கும் ஒன்றே. பி.எம்.வி-712க்கு வட்டத் திரை உண்டு. ஸ்மார்ட்ஷண்டுக்குத் திரை இல்லை, போனில்தான் பார்க்கவேண்டும். தான் குடிப்பது 1 மில்லிஅம்பியர் அளவுதான்.

நான் உங்களுக்குச் சொல்வது திரையில்லாத வகை. ஓட்டுநர் சீற்றில் இருந்தபடியே போனில் பார்த்துக்கொள்ளலாம். டாஷ்போட்டில் துளை போட்டு ஆறு மீற்றர் வயர் இழுக்கும் வேலை மிச்சம். கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு, தூசியும் நீரும் புகாத ஐ.பி-65 வகை கிடைத்தால் அதை எடுங்கள். இவற்றில் துணை முனை ஒன்று உண்டு. அதை ஸ்டார்ட் பற்றரியின் வோல்ட் பார்க்கவும் வைக்கலாம், சூடு பார்க்கவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றாக முடியாது. ஸ்டார்ட் பற்றரிக்கே வையுங்கள். பியூஸோடு ஒரு மெல்லிய வயர் முன் பற்றரியின் பிளஸுக்குப் போனால் போதும். உங்கள் பழைய மீற்றருக்கு வேலை அதோடு முடிந்தது.

ஷண்டின் அளவு பற்றி ஒரு சொல். பிரிட்ஜும் ஃபானும் மட்டும் என்றால் 100 அம்பியர் ஷண்டே தாராளம். சின்ன மின்னோட்டத்தை அது இன்னும் துல்லியமாகக் காட்டும். ஆனால் பயணிகளுக்குத் தேநீர் போட என்று 1000 வாட் இன்வெற்றர் ஒன்று வைத்தீர்களானால் 100 அம்பியர் அளவு இழுக்கும், ஷண்ட் சுடும். ஷண்டில் எழுதிய எண்ணில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தொடர்ந்து ஓடவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டும் முறையில்தான் பெரும்பாலான மொனிற்றர்கள் கெட்டுப்போகின்றன. சாவியை எடுத்துவிட்டு, இரண்டாவது பற்றரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். ரிலேக்குப் போகும் பியூஸையும் எடுத்துவிடுங்கள். முன் பற்றரியிலிருந்து மின்சாரம் வரும் வழி அதுதான். ஷண்ட் மைனஸ் பக்கத்தில் உட்காரும். பற்றரியின் மைனஸ் முனையிலிருந்து 25 சதுர மில்லிமீற்றர் கேபிள் ஒன்று, முடிந்தவரை குட்டையாக, ஷண்டின் பற்றரிப் பக்கத்துக்கு. அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் வரக்கூடாது. வண்டியின் பொடியில் போல்ட் பண்ணும் எர்த், பிரிட்ஜின் மைனஸ், ஃபானின் மைனஸ், பின்னாளில் சோலர் போட்டால் அதன் கொன்ட்ரோலர் மைனஸ், வீட்டுச் சார்ஜரின் மைனஸ் கிளிப் எல்லாம் மறுபக்கத்தில். இதில்தான் தவறு வரும். முன்பு வயரிங் செய்தவர் ஏதாவது ஒரு மெல்லிய கறுப்பு வயரைப் பற்றரி முனையிலேயே சொருகியிருப்பார். அது அப்படியே இருந்துவிடும். அந்த வயரில் போவது எதுவும் கணக்கில் வராது.

கேபிளின் லக் (முனையில் பூட்டும் உலோக வளையம்) ஷண்டின் பித்தளைக் கட்டையோடு நேரே ஒட்டவேண்டும். வாஷர் லக்குக்கு மேலே. வாஷரை இடையில் போட்டால் அந்த இடம் சுடும், அளவும் தவறும். லக் வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும், அழுத்திக் கிரிம்ப் பண்ணி, சூட்டில் சுருங்கும் பசைக்குழாயை அதன் மேல் சுருக்குங்கள். போல்ட்டை முறுக்கி முடித்தபிறகு மேலால் வாஸ்லின் மெல்லிதாய்ப் பூசுங்கள். உப்புவெளியில் வெறும் செப்புக் கம்பி ஒரு வருடத்தில் கறுத்துவிடும். ஷண்டுக்கு வரும் மெல்லிய சிவப்பு வயர் பற்றரியின் பிளஸ் முனைக்கு, அதோடு வரும் பியூஸோடு.

பூட்டியதும் ஒரு சோதனை. எல்லாவற்றையும் அணைத்தால் 0.0 காட்டவேண்டும். ஒரு ஃபானைப் போடுங்கள். அரை அம்பியர் கழித்தலில் வரும். அணைத்துவிட்டு அடுத்ததை. பிரிட்ஜ், லைட், போன் சொக்கெட் என்று ஒவ்வொன்றாக. போட்டும் எண் அசையாதது எதுவோ அதன் மைனஸ் ஷண்டைத் தாண்டிப் போயிருக்கிறது. பிறகு என்ஜினை எடுங்கள். எண் கூட்டலுக்கு மாறவேண்டும். கழித்தலே கூடினால் ஷண்டைத் திருப்பிப் பூட்டியிருக்கிறீர்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் கராஜை விட்டு வண்டியை எடுக்காதீர்கள்.

இனி அமைப்புகள். கொள்ளளவு 100 அம்பியர்-மணி. பற்றரி ஒரு வருடத்துக்கு மேல் பழசென்றால் 80 என்று போடுங்கள். பியூக்கர்ட் என்ற எண்ணுக்கு 1.25 சரி; வேகமாக எடுத்தால் ஈயப் பற்றரி குறைவாகத் தரும் என்பதை அது கணக்கில் எடுக்கும். இறங்கும் எல்லை 50 விழுக்காடு. அடுத்து வருவதுதான் பலர் தொடாமல் விடும் அமைப்பு: பற்றரி நிறைந்துவிட்டது என்று மொனிற்றர் எப்போது முடிவு செய்யவேண்டும்?

விக்ட்ரோன் வகையில் கடையிலிருந்து வரும்போது இது 13.2 வோல்ட், கொள்ளளவின் 4 விழுக்காட்டு மின்னோட்டம், 3 நிமிடம் என்று இருக்கும். வோல்ட் 13.2க்கு மேலிருந்து, உள்ளே போகும் மின்னோட்டம் 4 அம்பியருக்குக் கீழே இறங்கி, 3 நிமிடம் நின்றால் 100 விழுக்காடு என்று எழுதிவிடும். உங்கள் வானில் இது கண்ணிவெடி மாதிரி. முன்னாலிருந்து பின் பற்றரிக்கு வரும் வயர் 4 சதுர மில்லிமீற்றராய் இருந்தால், 5 மீற்றருக்கு 23 மில்லிஓம். தொடக்கத்தில் 20 அம்பியர் ஏறும்போது 0.46 வோல்ட் வயரிலேயே இறங்கும். ரிலேயும் பியூஸும் எர்த் போல்ட்டும் தங்கள் பங்கை எடுக்கும். அல்ரநேற்றர் (என்ஜின் சுழற்றும் மின்னாக்கி) 14.2 கொடுத்தாலும் பின்னால் தொடக்கத்தில் 13.6 தான் வரும். அந்தத் தாழ்ந்த வோல்ட்டில் பற்றரி மெதுவாகத்தான் ஏறும். உள்ளே முக்கால்தான் ஏறியிருக்கும். அப்போது ஏதோ ஒரு காரணத்தால் மின்னோட்டம் 3 நிமிடம் 4க்குக் கீழே இறங்கினாலே போதும். மொனிற்றர் நிறைந்தது என்று சொல்லிவிடும். அன்றிரவு பிரிட்ஜ் நிற்கும்போது திரையில் 60 விழுக்காடு இருக்கும், நீங்கள் கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

ஆகவே இரண்டு காரியம். நிறைவு வோல்ட்டை 14.0 ஆக உயர்த்தி, மின்னோட்டத்தை 2 விழுக்காட்டுக்கு இறக்கி, நேரத்தை 10 நிமிடம் ஆக்குங்கள். அதோடு, வாரத்தில் ஒரு இரவு வீட்டில் நல்ல தானியங்கிச் சார்ஜர் ஒன்றை, 10 அம்பியர், 14.4 வோல்ட் வரை போவது, பூட்டி விடியும்வரை விடுங்கள். மொனிற்றர் 100 என்று எழுதுவது அந்தச் சார்ஜரில் மட்டும் நடக்கட்டும். திருகோணமலை வெக்கையில் சார்ஜருக்குச் சூட்டைப் பார்த்து வோல்ட்டைக் குறைக்கும் வசதி இருந்தால் நல்லது. 25 பாகைக்குப் பத்துப் பாகை மேலே போனால் 0.2 வோல்ட் குறையவேண்டும். 14.0 என்று வைக்கச் சொன்னது அதற்கு இடம் விட்டுத்தான். முதல் நாளும் இப்படி ஒருமுறை நிறைத்துவிட்டு, கையால் 100 என்று வைத்துத் தொடங்குங்கள்.

ஈயப் பற்றரியில் கடைசி 20 விழுக்காடு ஏற மணிக்கணக்கில் எடுக்கும். திருகோணமலையிலிருந்து ஹபரணைக்கு ஏ-6 வீதியில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடுவீர்கள். அந்த நேரத்தில் எந்த அல்ரநேற்றரும் அதை முடிக்காது. நிறையாமலே நாட்கணக்கில் ஓடும் பற்றரியின் தகட்டில் சல்பேற் கட்டியாகிப் படியும். 100 என்பது 70 ஆகும், பிறகு 50. இரண்டாவது பற்றரி ஒரு சீசனில் செத்துப்போகிறது என்று உங்களைப் போன்றவர்கள் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். மொனிற்றருக்குப் போடும் காசில் ஒரு பங்கை முதலில் 16 சதுர மில்லிமீற்றர் கேபிளுக்குப் போடுங்கள். அதே 5 மீற்றரில், அதே 20 அம்பியருக்கு 0.12 வோல்ட்தான் இறங்கும். கேபிளின் இரண்டு முனையிலும், ஒவ்வொரு பற்றரிக்கும் அருகில், 60 அம்பியர் பியூஸ்.

ஷண்டுக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. பற்றரி சுருங்கிவிட்டது அதற்குத் தெரியாது. நீங்கள் எழுதிய 100ஐ வைத்தே வகுத்துக்கொண்டிருக்கும். அங்கே வோல்ட்தான் சாட்சி. ஓட்டமில்லாத ஒரு நாள், பிரிட்ஜை அணைத்து ஐந்து மணி நேரம் விட்டு, இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். மொனிற்றர் 60 விழுக்காடு என்று சொல்ல, ஓய்ந்த பற்றரி 12.0 காட்டினால், கொள்ளளவை 70க்கோ 60க்கோ இறக்கி எழுதும் நேரம் வந்துவிட்டது. மாதத்தில் ஒருமுறை போதும்.

லித்தியத்துக்கு மாறினால் வோல்ட் மீற்றர் பேச்சே வேண்டாம். லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி 80 விழுக்காட்டிலிருந்து 40க்கு இறங்கும்போது வோல்ட் 0.2 அளவுதான் மாறும், 13.3, 13.1 என்று நின்றுவிட்டு, அடியில் சடாரென்று விழும். ஷண்டே வழி. அமைப்பில் பியூக்கர்ட் 1.05, சார்ஜ் திறன் 99, இறங்கும் எல்லை 20 என்று மாற்றவேண்டும். பற்றரிக்குள் இருக்கும் காப்புச் சுற்றே புளூடூத்தில் விழுக்காடு காட்டுமே என்பார்கள். அவற்றில் பல, அரை அம்பியர் மாதிரிச் சின்ன ஓட்டத்தைக் காணாமல் விட்டுவிடும். உங்கள் ஃபான் இரவு முழுக்க இலவசமாகச் சுற்றும். இப்போதுள்ள ரிலேயோடு லித்தியத்தை நேரே சேர்க்கவும் கூடாது. அது அல்ரநேற்றர் தருவது முழுவதையும் இழுக்கும். ஆறுதலாக ஓடும் வண்டியில் அல்ரநேற்றர் காற்றோட்டமில்லாமல் சூடாகிக் கருகும். இடையில் 20 அல்லது 30 அம்பியர் டி.சி-டி.சி சார்ஜர் (முன்னாலிருந்து வரும் மின்சாரத்தை எடுத்து, அளவோடு பின் பற்றரிக்கு ஏற்றும் பெட்டி) வேண்டும். அந்தச் சார்ஜர் ஈயப் பற்றரிக்கும் 14.4 கொடுக்கும் என்பதால், லித்தியம் வாங்கக் காசு சேரும்வரை அதை முதலில் வாங்கிப் பூட்டினாலும் வீண்போகாது. அப்போது மேலே சொன்ன கேபிள் தடிப்பிலும் அவ்வளவு கண்டிப்பு வேண்டாம்.

சோலர் பனல் ஒன்று கூரையில் போட நினைத்தால் 100 வாட் பனல் நல்ல வெயில் நாளில் 25 அம்பியர்-மணி அளவு தரும். பிரிட்ஜின் பாதிச் செலவு. முகில் மறைக்கும்போது வோல்ட் உயரத்திலேயே நிற்க மின்னோட்டம் மட்டும் சடாரென்று விழும். நிறைவு நேரத்தை 10 நிமிடமாக வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாடைக் காற்று தொடங்கி ஆட்கள் வராத மாதங்களில் வான் வீட்டு வாசலில் கிடக்கும். பின் பற்றரியில் எங்கோ விட்டுப்போன யூ.எஸ்.பி சொக்கெட்டின் நீல லைட் போன்றவை எல்லாம் சேர்ந்து 50 மில்லிஅம்பியர் என்றால் நாளுக்கு 1.2, மாதத்துக்கு 36 அம்பியர்-மணி. புதிய மொனிற்றரில் அது 0.05 என்றோ வெறும் பூச்சியம் என்றோதான் தெரியும். பூச்சியம்தானே என்று விடாதீர்கள். பிரிட்ஜ் பிளக்கைக் கழற்றி, பின் பற்றரியின் பிளஸ் பியூஸை எடுத்து, மாதம் ஒருமுறை சார்ஜரைப் பூட்டுங்கள். ஷண்டின் சிவப்பு வயரை மட்டும் பற்றரியிலேயே விட்டுவிடுங்கள். அதைக் கழற்றினால் எண்ணிக்கை நின்றுவிடும். சித்திரையில் மறுபடி நிறைத்து 100 வைத்துத் தொடங்கவேண்டி வரும்.